அட்சதை விழுந்த பிஸ்டல்

சில பேருக்குக் கைராசி என்று ஒன்று இருக்கும். அவர்கள் தொட்டால் நின்றுபோன கடிகாரமும் ஓடும். எனக்கும் கைராசி உண்டு, திசைதான் வேறு. ஊரெல்லாம் ஒழுங்காக ஓடுகிற சாமான் என் கைக்கு வந்ததும் மக்கர் பண்ண ஆரம்பித்துவிடும். (என் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து வீடியோ கேமரா நின்றுபோனது. நான் அதைத் தொடக்கூட இல்லை. திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.) அதனால் தொண்ணூறுகளின் நடுவில், டெக்ஸாஸில், டாலஸ் பக்கத்து ப்ளேனோவில் குடியிருந்தபோது நான் ஒரு துப்பாக்கி வாங்கப்போவதாகச் சொன்னதும், என் மனைவி பத்மா சட்டம், தர்மம், அகிம்சை எதைப் பற்றியும் பேசவில்லை.

"அது சுடுமா?" என்றுதான் கேட்டாள்.

"துப்பாக்கின்னா சுடாம?"

"இல்ல, உங்க கையில சுடுமான்னு கேட்டேன்."

வாங்கக் காரணம் இருந்தது. எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி, பட்டப்பகலில் பின்கதவை உடைத்து எவனோ உள்ளே போய்விட்டான். டிவி, நகை எல்லாம் போனது. அன்றிலிருந்து பத்மாவுக்கு வீட்டில் தனியாக இருக்கப் பயம். கராஜ் பக்கம் சத்தம் கேட்டால் ஆபீசுக்கு போன் வரும். மீட்டிங் நடுவில் நான் வாயைப் பொத்திக்கொண்டு "பூனையா இருக்கும்மா, எட்டிப் பாரு" என்பேன். "நீங்க வந்து எட்டிப் பாருங்க" என்று போனை வைத்துவிடுவாள். அவள் பயப்படுகிறாள், நான் இருந்தும் பயப்படுகிறாள் என்பது எனக்கு ரொம்ப உறுத்தியது.

என் மேனேஜர் டேல் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், ஆபீசுக்கும் பூட்ஸ்தான். ரங்கராஜன் என்ற என் பெயரை வெட்டிச் சுருக்கி 'ரே' ஆக்கியவர் அவர்தான். திருட்டுச் சமாச்சாரத்தைச் சொன்னதும், "உன் வீட்டுல கன் இல்லையா?" என்று கேட்டார். வீட்டில் பாத்ரூம் இல்லையா என்று கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிரீன் கார்டு வந்த கையோடு டேலையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

வாங்கியது ஒன்பது மில்லிமீட்டர் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். அதன் மேல்பாகத்துக்கு ஸ்லைடு என்று பெயர். ஒவ்வொரு தடவை சுடும்போதும் அது தானாகப் பின்னால் போய்க் காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு, அடுத்ததைப் பிடித்துக்கொண்டு முன்னால் வரும். இந்தப் போக்குவரத்து தடையில்லாமல் நடந்தால் நல்ல பிஸ்டல். நடுவழியில் நின்றுவிட்டால் ஜாம் என்று அர்த்தம். கடைக்காரர் அதைக் குழந்தையைத் தடவுகிற மாதிரி தடவி, "இது மண்ணுல புதைச்சு எடுத்தாலும் ஜாம் ஆகாது" என்றார். பாவம், அவருக்கு என்னைத் தெரியாது.

வீட்டில் பத்மா நிபந்தனைகளை அடுக்கினாள். ஆறு வயதுப் பெண் இருக்கிற வீடு. அதனால் பிஸ்டல் இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்க வேண்டும். தோட்டா வேறு அறையில். சாவி அவளிடம்.

"அப்ப திருடன் வந்தா நான் என்ன பண்றது?"

"என்னை எழுப்புங்க. சாவி தர்றேன்."

"நல்லா இருக்கே! அவன் வெயிட் பண்ணுவானா?"

"பாத்ரூம்ல பல்லி வந்தப்போ கட்டில் மேல ஏறி நின்னது யாரு? அனுதான் பேப்பர்ல அள்ளி வெளில விட்டா. நீங்க திருடனைச் சுடப் போறீங்களா?"

அனு எங்கள் மகள். தமிழில் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். "இட் வாஸ் எ பேபி லிசர்ட், டாடி" என்று அவள் பங்குக்கு ஒரு குத்து குத்தினாள்.

முதல் சில வாரங்கள் பத்மா சொன்னபடிதான் ஆனது. டேல் என்னைச் சனிக்கிழமைதோறும் பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். முதல் நாளே கட்டை விரலை எங்கே வைக்கக் கூடாதோ அங்கே வைத்தேன். பின்னால் வந்த ஸ்லைடு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையைப் பதம் பார்த்துவிட்டது. (திங்கட்கிழமை முதல் ஆபீசில் கட்டோடு டைப் அடித்தேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் "கன்" என்று மட்டும் சொன்னேன். அது வரைக்கும் பார்க்காத மரியாதையைப் பார்த்தேன்.) அப்புறம் ஜாம். மூன்று தடவை சுட்டால் ஒரு தடவை ஜாம். பிஸ்டல் சரியில்லை என்று நான் சாதித்தேன். டேல் அதை வாங்கி மளமளவென்று சுட்டுக் காட்டினார். ஒன்றுகூட நிற்கவில்லை.

"பிஸ்டல் நல்லாத்தான் இருக்கு ரே. உன் மணிக்கட்டு லூசா இருக்கு. கெட்டியாப் பிடிச்சாத்தான் ஸ்லைடு முழுசா ஓடும்" என்றார்.

பேனாவையும் கீபோர்டையும் தவிர எதையுமே பிடித்தறியாத மணிக்கட்டு அது. வீட்டில் சப்பாத்தி மாவு பிசையும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என்ன ஆச்சரியம், கொஞ்ச நாளில் ஜாம் நின்றுவிட்டது. குறி சுமார்தான் என்றாலும் பிஸ்டல் தன் வேலையைப் பார்த்தது. சுட்ட பிறகு எப்படித் துடைப்பது, எங்கே எண்ணெய் விடுவது எல்லாம் டேல் சொல்லிக் கொடுத்தார். முக்கியமாக ஒன்று சொன்னார். பிஸ்டலைக் கீழே வைக்கிறபோது தோட்டா மேகசினைக் கழற்றிவிட்டு, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துத் திறந்த வாக்கில் வைக்க வேண்டும். அப்போதுதான் காலி என்று யார் பார்த்தாலும் தெரியும். இதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பின்னால் வந்த வினைக்கெல்லாம் இந்த நல்ல பழக்கம்தான் காரணம்.

அக்டோபரில் எங்கள் டிபார்ட்மென்ட் பிக்னிக், டேலுக்கு ஊருக்கு வெளியே இருந்த நிலத்தில். பார்பிக்யூ, குழந்தைகளுக்கு விளையாட்டு, கடைசியில் துப்பாக்கி சுடும் போட்டி. ஒரு பக்கம் டேலும் அவர் ஜோடியும், இன்னொரு பக்கம் அடுத்த டீம் மேனேஜர் ஜெர்ரியும் அவர் ஜோடியும். வருஷா வருஷம் டேல் தோற்றுக்கொண்டிருந்தார். அந்த வருஷம், "என் ஜோடி ரே" என்று எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டார். எனக்கு நெஞ்சு விம்மியது. (ஜெர்ரிக்கும் சந்தோஷம்தான்.)

பத்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கறிவேப்பிலை உருவியவள் நிமிர்ந்தாள்.

"நானும் வந்து பாக்கறேன். ஒரு மக்கர் இல்லாம சுட்டீங்கன்னா அது வீட்டுல இருக்கட்டும். நானும் நிம்மதியாத் தூங்கறேன். அங்க நின்னுடுச்சுன்னா திரும்பி நம்ம வீட்டுக்குள்ள வரக் கூடாது. சரியா?"

"சரி" என்றேன். பயிற்சியில் ஒரு மாதமாக நிற்காத பிஸ்டல். நான் ஜெயித்தாயிற்று என்றே நினைத்தேன்.

பிக்னிக் சனிக்கிழமை. அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜையை விட்டதே இல்லை. சாமி படத்துக்கு முன்னால் பட்டுத்துணி விரித்து அனுவின் புத்தகங்கள், என் கம்ப்யூட்டர் கீபோர்டு, மிக்ஸி ஜார், அரிவாள்மணை, கார் சாவி எல்லாவற்றையும் பத்மா அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் திடீரென்று ஞானோதயம். தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டில் ஸ்க்ரூ டிரைவருக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைத்து அதை ஆயுத பூஜை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். முதல் முறையாக நிஜமாகவே ஒரு ஆயுதம் வந்திருக்கிறது!

"பத்மா, சாவி குடு."

"எதுக்கு?"

சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கழுத்துச் சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றினாள். "கொண்டு வாங்க. சாமி முன்னால வெச்சா எனக்கும் பயம் தெளியுதான்னு பாப்போம்."

மேகசினைக் கழற்றினேன். காலி என்று இரண்டு தடவை பார்த்தேன். டேல் சொன்னபடி ஸ்லைடைத் திறந்து, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். ரோஸ் வாட்டர் விட்டுக் குழைத்த சந்தனத்தை நானே என் கையால் வைத்தேன். கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஸ்லைடின் இரண்டு பக்கமும் பட்டையாக, அதன் மேல் குங்குமம். சந்தனம் கொஞ்சம் நீர்த்து ஓரமாக வழிந்து உள்ளே இறங்கியது. இறங்கட்டும், உள்ளேயும் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். இந்தியக் கடையில் பூ கிடைக்காததால் சூப்பர் மார்க்கெட் செவ்வந்தியைப் பிய்த்துத் தூவினோம். கற்பூரம் காட்டினோம். (ஸ்மோக் அலாரம் அலறியது. வருஷா வருஷம் அலறும். அனு துண்டை விசிறியபடி அதன் அடியில் தயாராக நிற்பாள்.) கடைசியில் பத்மா கண்ணை மூடி ரொம்ப நேரம் வேண்டிக்கொண்டு, மஞ்சள் அரிசியை எடுத்து எல்லாவற்றின் மேலும் போட்டாள். ஈர மஞ்சள் அட்சதை.

"அப்பாடா. இப்ப எடுத்துத் துடைச்சு வெச்சுடறேன். காலைல போட்டி இருக்கு."

"கையை எடுங்க! பூஜையில வெச்சதை அன்னிக்கே யாராவது எடுப்பாங்களா? காலைல விஜயதசமி, மறுபூஜை பண்ணிட்டுதான் தொடணும்."

காலையில் மறுபூஜை முடிந்து கிளம்புகிற அவசரம். பிஸ்டலைத் தூக்கியபோது அதன் மேலிருந்த அரிசியெல்லாம் துணியில் கொட்டியது. அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். துடைக்கப் போனால் பத்மா விடவில்லை. "சந்தனத்தை அழிக்கக் கூடாது. காருக்கு வெச்சா அழிக்கிறோமா? தானா உதிரட்டும்." கார் பானெட்டில் போன வருஷத்துச் சந்தனத்தின் கறை இருந்தது உண்மைதான். ஸ்லைடை மூடினேன். கரகரவென்றது. அருள் இறங்கியிருக்கிறது, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். இன்ஜினியரிங்கில் பட்ட மேற்படிப்பு படித்தவன் நான்.

பிக்னிக்கில் சாப்பாடெல்லாம் ஆயிற்று. பத்மா கொண்டுபோன எலுமிச்சம்பழ சாதம் சீக்கிரமே காலி. பிறகு எல்லாரும் சுடும் இடத்துக்கு வந்தார்கள். தூரத்தில் மண்மேடு, அதற்கு முன்னால் காகித இலக்கு. எங்களுக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் மொத்த டிபார்ட்மென்டும் குடும்பத்தோடு, வைஸ் பிரசிடென்ட் உட்பட. ஜெர்ரி டீம் சுட்டு முடித்தது. டேலும் பிரமாதமாகச் சுட்டுவிட்டார். நான் சுமாராகச் சுட்டாலே போதும், ஜெயிக்கலாம் என்கிற நிலைமை.

பெட்டியைத் திறந்தேன். பிஸ்டல் நெற்றியில் குங்குமத்தோடு இருந்தது.

"என்ன அது சிவப்பா?" என்றார் டேல்.

"அப்புறம் சொல்றேன்" என்றேன்.

பத்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கையில் அனுவைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றாள். மணிக்கட்டைக் கெட்டியாக்கிக்கொண்டு முதல் தோட்டாவைச் சுட்டேன். இலக்கின் ஓரத்தில் பட்டது. கைதட்டினார்கள். இரண்டாவதுக்கு விசையை அழுத்தினேன். ஒன்றுமே நடக்கவில்லை. ஸ்லைடு பாதி வழியில் நின்றிருந்தது. இழுத்தேன். தட்டினேன். மறுபடி இழுத்தேன். அசையவில்லை.

அப்புறம் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. சாமான் ரிப்பேர் ஆனால் நம் ஊரில் என்ன செய்வோம்? கடைக்காரரிடம் எடுத்துப்போய் நீட்டுவோம். நானும் மிக்ஸியை நீட்டுகிற மாதிரி பிஸ்டலை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு, "டேல், இதைப் பாருங்களேன்" என்று முழுசாகப் பின்னால் திரும்பினேன்.

மொத்த டிபார்ட்மென்டும் தரையில் விழுந்தது. சொல்லிவைத்த மாதிரி ஒரே நேரத்தில். வைஸ் பிரசிடென்ட் புல்லில் குப்புற. ஜெர்ரி விழுந்த இடத்தில் பார்பிக்யூ சாஸ் இருந்தது. அனுவை இழுத்து அணைத்துக்கொண்டு பத்மாவும் கீழே. நின்றுகொண்டிருந்தது நானும் டேலும்தான். டேலின் கை என் மணிக்கட்டைப் பிடித்து, பிஸ்டலை மண்மேட்டுப் பக்கம் திருப்பியது. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் கையிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை வாங்கினார். தரையில் கிடந்த அனுவின் பின்னலைப் பார்த்தபோதுதான் நான் எதைச் செய்திருக்கிறேன் என்பது உறைத்தது.

டேல் தோட்டாக்களையெல்லாம் எடுத்துவிட்டு, பிஸ்டலைத் தன் டிரக்கின் பின்பலகைமேல் வைத்துப் பாகம் பாகமாகக் கழற்றினார். எழுந்தவர்கள் ஒவ்வொருவராகச் சுற்றிக்கொண்டார்கள். முதலில் மஞ்சளாகத் தூள் தூளாகக் கொட்டியது. பிறகு ஒரு செவ்வந்தி இதழ், வாடியது. அப்புறம் அரிசி. ஒன்று, இரண்டு, அப்புறம் வந்துகொண்டே இருந்தது.

டேல் ஒரு அரிசியை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "ரே, உன் துப்பாக்கிக்குள்ள அரிசி இருக்கு."

"லஞ்சை அதுலயா எடுத்துட்டு வந்தான்?" என்றார் ஜெர்ரி, சட்டையில் சாஸோடு.

சொல்லாமல் தீராது. நமக்கு வேலை செய்கிற சாமான்களுக்கெல்லாம் வருஷத்தில் ஒரு நாள் லீவு கொடுத்து, பொட்டு வைத்து, பூ போட்டு நன்றி சொல்வோம் என்று விளக்கினேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். டேல் தொப்பியைக் கழற்றினார்.

"எல்லாச் சாமானுக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"கம்ப்யூட்டருக்கு?"

"கீபோர்டுக்கு வெச்சோம்."

"டிரக்குக்கு?"

"வண்டிக்கு ரொம்ப விசேஷம்."

டேல் தன் பழைய டிரக்கை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அடுத்த வருஷம் இதையும் எடுத்துட்டு வர்றேன்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ஆனா இனிமே என்ன ஆனாலும் அதைக் கையில வெச்சுக்கிட்டுத் திரும்பாதே" என்றார். தலையை ஆட்டினேன். போட்டியில் தோற்றோம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஃப்ரீவே வந்தது. அனு பின்சீட்டில் தூங்கிவிட்டாள். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"பிஸ்டல் மேல தப்பே இல்ல பத்மா. அந்த அரிசி இல்லைன்னா சுட்டிருக்கும். அவ்ளோ அரிசி எப்படி உள்ள போச்சுன்னுதான் புரியல."

"நான்தான் போட்டேன்" என்றாள்.

காரை நிறுத்தாமல் ஓட்டியதே பெரிய விஷயம். "என்னது?"

"எல்லாத்துக்கும் ஒரு சிட்டிகை போட்டேன். அதுக்கு மட்டும் ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டேன். இது எப்பவும் யாரையும் சுடக் கூடாது சாமின்னு வேண்டிக்கிட்டு, திறந்திருந்த இடம் பாத்துப் போட்டேன். ஜாம் ஆகும்னெல்லாம் எனக்கு எங்க தெரியும்? வேண்டிக்கிட்டேன், அவ்ளோதான்." பின்சீட்டில் தூங்குகிற அனுவைத் திரும்பிப் பார்த்தாள். "மறுநாளே பலிக்கும்னு நானே நினைக்கல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தரையில் கிடந்த பின்னல்தான் கண்ணில் நின்றது. இரண்டாவது தோட்டா ஓடியிருந்தால், மூன்றாவது ஓடியிருந்தால், என்றைக்கோ ஒருநாள் நான் இப்படித்தானே திரும்பியிருப்பேன்? கண் கலங்கிவிட்டது. சாலை மங்கவே துடைத்துக்கொண்டேன்.

"திருடன் வந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"திருடன் பயமெல்லாம் எனக்குப் போயிடுச்சுங்க. இப்ப உங்களைப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

அடக்க முடியாமல் இருவரும் சிரித்தோம். அனு எழுந்து, "வாட்ஸ் ஃபன்னி?" என்றாள்.

பிஸ்டல் எங்கள் வாசலைத் திரும்பத் தாண்டவில்லை. டேலின் டிரக்கிலேயே இருந்தது, அப்புறம் அவருடையதாகிவிட்டது. அவர் கையில் அது ஒரு தடவைகூட நின்றதில்லையாம். எங்கள் வீட்டுக்கு ஒரு அலாரம் வைத்தோம். டேல் சொன்ன சொல் தவறாமல் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் டிரக்கோடு வந்துவிடுவார். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அவரே ஏற்றி நசுக்குவார், பிறகு உள்ளே வந்து வடை சாப்பிடுவார். பத்மா அரிசித் தட்டைத் தூக்கினால் மட்டும் ஓடிப்போய் பானெட் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டில் பிரிண்டர் நின்றாலும், லிஃப்ட் நின்றாலும், டிராஃபிக் நின்றாலும், "ஹூ புட் ரைஸ் இன் இட்?" என்று கேட்பது அனுவின் வழக்கமாகிவிட்டது.

அவளுக்கும் கல்யாண வயது வந்தது. மண்டபத்தில் முன்வரிசையில் டேல், நரைத்த தலையோடு, பூட்ஸை வெளியே கழற்றி வைத்துவிட்டு. வீடியோ கேமரா பக்கம் நான் திரும்பவே இல்லை, அதனால் முகூர்த்தம் முழுவதும் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. அட்சதை போடும் நேரத்தில் நானும் பத்மாவும் மேடையில் மணமக்களுக்கு அருகில் நிற்கிறோம். பத்மா தட்டிலிருந்து இரண்டு கையாலும் அரிசியை அள்ளுகிறாள். அனு தலை குனிந்தபடியே என்னவோ சொல்கிறாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொள்கிறேன். பத்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று வீடியோவில் தெரியவில்லை. பெண் என்ன சொன்னாள் என்று சம்பந்தி வீட்டார் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி வளர்ந்த பெண், அன்று தமிழில்தான் சொன்னாள்:

"அம்மா, கொஞ்சமாப் போடு. ஜாம் ஆயிடுவேன்."